பழைய லப்டொப், ஒரு சிம், ஒரு யுஎஸ்பி அடப்டர்: வளவு முழுவதற்கும் வைபை

ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால், சிக்னல் எடுக்கும் இடம் ஒன்று, ஆட்கள் இருக்கும் இடம் இன்னொன்று. மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ ஒரு வீட்டில் மேற்கு யன்னல் விளிம்பில் போனை வைத்தால் 4ஜி மூன்று கோடு காட்டும். அதையே எடுத்துக்கொண்டு பின்வளவுத் தகரக் கொட்டிலுக்குள் போனால் ஒரு கோடும் இராது. பிள்ளைகள் படிப்பதோ அந்தக் கொட்டிலில்தான். போனின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் போன்காரர் கடைக்குப் போனால் இன்டர்நெட்டும் கூடவே போய்விடும்.

காசு இருந்தால் ஒரு 4ஜி ரவுட்டர் வாங்கி யன்னலடியில் வைப்பதே சுலபம். இந்தக் குறிப்பு, மூலையில் லினக்ஸ் (வின்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) ஓடும் ஒரு பழைய லப்டொப்போ ராஸ்பெரி பையோ (உள்ளங்கையளவுக் கணினி) கிடக்கும் வீட்டுக்கும் ரியூஷன் கொட்டிலுக்கும். லப்டொப்பில் ஒரு வசதி உண்டு: பற்றரி இன்னும் உயிரோடு இருந்தால் கரண்ட் போனாலும் நெட் நிற்காது. அதிலேயே வைபை இருக்கும்போது யுஎஸ்பி அடப்டர் எதற்கு என்று கேட்கலாம். உள்ளே இருக்கும் வைபையின் அன்ரனா திரைக்குப் பின்னால் இருக்கிறது, இடம் மாற்ற முடியாது. யுஎஸ்பி அடப்டரை ஒரு நீட்டு வயரில் கோர்த்துத் தாவாரத்துக்குக் கொண்டுபோகலாம். தவிரவும், ஒரு வைபையால் நெட்டை வாங்கி இன்னொன்றால் கொடுக்க வேண்டி வந்தால் இரண்டும் தேவை. ஒரே சிப் இரண்டையும் செய்யும் என்று சொல்லிக்கொண்டாலும் பெரும்பாலும் இரண்டும் ஒரே சனலில்தான் ஓட வேண்டும். வேகமும் பாதியாகும்.

ஒரு சொல் முதலிலேயே. கட்டளைகளையும் அமைப்பு வரிகளையும் இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறது. தட்டும்போது ஆங்கில எழுத்தில், வேறு சொல்லாவிட்டால் சிறிய எழுத்தில் தட்டுங்கள். கோடு, கீழ்க்கோடு, புள்ளி, சமன்குறி எல்லாம் உள்ளபடியே. சமன்குறிக்கு இரு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. கட்டளைகளுக்கு ரூட் அதிகாரம், அதாவது கணினியின் முழு அதிகாரம், வேண்டும். முன்னால் சூடோ போடுங்கள்.

பெட்டியைப் பார்க்காதீர்கள், சிப்பைப் பாருங்கள்

இந்த வேலையில் பாதித் தோல்வி கடையிலேயே நடந்துவிடுகிறது. அடப்டர் லினக்ஸில் ஓடும் என்று பெட்டியில் எழுதியிருந்தால், ஒரு ரவுட்டரோடு இணைந்து நெட் எடுக்கும் என்றுதான் அர்த்தம். தானே ரவுட்டராக நின்று மற்றவர்களை வரவேற்பது வேறு வேலை. அதற்கு ஏபி (அக்சஸ் பொயின்ட்) மோட் வேண்டும். சிப்பும், அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் இரண்டுமே அதை அறிந்திருக்க வேண்டும்.

பெயரை நம்பி ஏமாறுவதற்கு நல்ல உதாரணம் டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என். இதன் முதலாம் பதிப்பில் ஏதரொஸ் ஏஆர்9271 சிப். லினக்ஸில் ஏபி வேலைக்கு அருமையானது. இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் ரியல்டெக் ஆர்டிஎல்8188ஈயுஎஸ். வெளியே அதே வெள்ளை உடம்பு, அதே கழற்றும் அன்ரனா, அதே பெயர். பின்பக்க ஒட்டியில் பதிப்பு எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். செக்கன்ட் ஹாண்டாக வாங்கினால் ஒட்டியையும் நம்பாமல் செருகிப் பாருங்கள்.

செருகியபின் எல்எஸ்யுஎஸ்பி என்று தட்டினால் இரண்டு நான்கெழுத்து எண்கள் வரும். 0சிஎஃப்3:9271 என்றால் ஏஆர்9271. 148எஃப்:5370 என்றால் ராலிங்க் ஆர்டி5370. 0ஈ8டி:7612 என்றால் மீடியாடெக் எம்டி7612யு. 2357:010சி என்றால் மேலே சொன்ன 722என்னின் பிந்திய பதிப்பு. கடைக்காரர் சம்மதித்தால் லப்டொப்பைக் கடைக்கே கொண்டுபோய் இந்த ஒரு கட்டளையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

எதை எடுப்பது? வீட்டுக்கு, ஐந்தாறு போனுக்கு, ஆர்டி5370 போதும். சின்னது, மலிவு, டிரைவர் கேர்னலோடேயே (லினக்ஸின் கரு) வருகிறது, சூடும் குறைவு. ஏஆர்9271 இன்னும் உறுதியானது. ஆனால் அதன் டிரைவர் ஏபியாக நிற்கும்போது ஏழு போனுக்கு மேல் ஏற்றாது. எட்டாவது பிள்ளை பாஸ்வேர்ட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு "பிழை" என்று சொல்லும். பிழை பாஸ்வேர்ட்டில் இல்லை. ரியூஷன் கொட்டிலுக்கு என்றால் எம்டி7612யு சிப் உள்ளதைத் தேடுங்கள். இரண்டு அன்ரனா, 5 கிகாஹேர்ட்ஸும் உண்டு, 4.19க்குப் பிந்திய கேர்னல்களில் டிரைவர் கூடவே வருகிறது.

ரியல்டெக் மலிவு அடப்டர்கள் முழுக்க உதவாது என்று சொல்வதற்கில்லை. பல சிப்களுக்குக் கேர்னலுக்கு வெளியே எழுதிய டிரைவர்கள் இருக்கின்றன, அவற்றில் ஏபியும் ஓடும். ஆனால் கேர்னல் அப்டேட் ஆகும் ஒவ்வொரு முறையும் டிரைவரைத் திரும்பக் கட்ட வேண்டும். அதற்கு டேட்டா வேண்டும், டேட்டா வருவதற்கு அந்த அடப்டர் வேண்டும். இந்த மினக்கேட்டுக்குப் போகாமல் கேர்னலில் உள்ள சிப்பையே எடுங்கள்.

சில ரியல்டெக் அடப்டர்கள் செருகினதும் சிடி டிரைவ் போல வேஷம் போடும். எல்எஸ்யுஎஸ்பியில் 0பிடிஏ:1ஏ2பி என்று காட்டினால் அதுதான். உள்ளே வின்டோஸ் டிரைவர் இருக்கும். இஜெக்ட் /டெவ்/எஸ்ஆர்0 என்று தட்டினால் சிடி வேஷம் கலைந்து அடப்டர் வெளியே வரும். லப்டொப்பில் உண்மையான சிடி டிரைவ் இருந்தால் எண் எஸ்ஆர்1 ஆக மாறியிருக்கும், அதைக் கவனியுங்கள். ஒவ்வொரு தடவையும் தட்டாமல் இருக்க யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற மென்பொருள் பொதியைப் போடலாம்.

ஏபி தெரியுமா என்று கேட்டுப் பார்த்தல்

ஐடபிள்யூ லிஸ்ட் என்று தட்டினால் பக்கம் பக்கமாக ஓடும். அதில் சப்போர்ட்டட் இன்டர்ஃபேஸ் மோட்ஸ் என்ற தலைப்பைத் தேடுங்கள். அதன் கீழே நட்சத்திரக் குறியோடு மனேஜ்ட், மொனிட்டர் என்றெல்லாம் வரும். நட்சத்திரமும் ஏபி என்ற இரண்டெழுத்தும் தனி வரியில் இருந்தால் மேலே போகலாம். ஏபி/விஎல்ஏஎன் என்ற வரி வேறு, அதைக் கண்டு சந்தோஷப்படாதீர்கள். லப்டொப்பின் உள் வைபையும் இதே பட்டியலில் வரும். எது யாருடையது என்பதை ஐடபிள்யூ டெவ் காட்டும்.

அடப்டரின் பெயர் டபிள்யூஎல்எக்ஸ் என்று தொடங்கிப் பன்னிரண்டு எழுத்து நீளும். அது அடப்டரின் மாக் முகவரிதான், அதாவது அதற்கே உரிய தனி எண். நீளம் எரிச்சலாக இருந்தாலும் நல்லது: எந்த யுஎஸ்பி வாயில் செருகினாலும் பெயர் மாறாது. ராஸ்பெரி பையில் டபிள்யூலான்1 என்று வரலாம். இனி இங்கே சுருக்கமாக டபிள்யூஎல்எக்ஸ் என்றே எழுதுகிறோம், முழுப் பெயரைப் போடுவது உங்கள் பாடு.

பட்டியலில் அடப்டரே இல்லையென்றால் டிமெசேஜ் கட்டளையின் கடைசி இருபது வரியைப் பாருங்கள் (டி, எம், ஈ, எஸ், ஜி என்று ஐந்தெழுத்து). ஃபேம்வெயார் (சிப்புக்குள் ஏற்றும் மென்பொருள்) ஏற்ற முடியவில்லை என்று இருந்தால் பொதி குறைகிறது. டெபியனில் (லினக்ஸின் ஒரு வகை) ஏஆர்9271க்கு ஃபேம்வெயார்-ஏத்9கே-எச்டிசி, ராலிங்குக்கு டெபியன் 12 வரை ஃபேம்வெயார்-மிஸ்க்-நொன்ஃபிரீ, 13 தொடக்கம் ஃபேம்வெயார்-மீடியாடெக். இவற்றையும், பின்னால் வரும் ஹோஸ்ட்ஏபிடி, டிஎன்எஸ்மாஸ்க், ஐடபிள்யூ, ஐபிடேபிள்ஸ்-பேர்சிஸ்டன்ட் பொதிகளையும் ரவுனில் நல்ல சிக்னல் உள்ள இடத்தில் வைத்தே இறக்கிவிடுங்கள்.

அவசரத்துக்கு ஒற்றை வரி

நெட்வேர்க்மனேஜர் (இணைப்புகளைக் கவனிக்கும் மென்பொருள்) ஓடும் கணினி என்றால், அதாவது உபுண்டு டெஸ்க்டொப், 2023க்குப் பிந்திய ராஸ்பெரி பை ஓஎஸ் போன்றவை, இந்த ஒரு வரியே போதும்:

என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை ஹொட்ஸ்பொட் இஃப்நேம் டபிள்யூஎல்எக்ஸ் எஸ்எஸ்ஐடி வளவு பாஸ்வேர்ட் உங்கள்-பாஸ்வேர்ட்

எஸ்எஸ்ஐடி என்பது வைபையின் பெயர். முகவரி கொடுப்பது, நெட்டைக் கடத்துவது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். கணினிக்கு 10.42.0.1 என்ற முகவரி அமையும். வீட்டில் நாலு பேர் பாவிக்க இதுவே காணும். ஹோஸ்ட்ஏபிடியோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. திரும்ப ஓன் செய்யும்போது தானாக வர வேண்டுமென்றால்: என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மொடிஃபை ஹொட்ஸ்பொட் கனெக்‌ஷன்.ஓட்டோகனெக்ட் யெஸ். இதில் ஹொட்ஸ்பொட் என்ற பெயருக்கு மட்டும் முதல் எழுத்து பெரியது.

ஒரு அறை நிறையப் பிள்ளைகள், எண்ணிக்கைக் கட்டுப்பாடு, போன்களை ஒன்றையொன்று பார்க்கவிடாமல் வைப்பது என்று வந்தால் கையால் கட்டுவதுதான் சரி.

கையால் கட்டுவது

இதில் மூன்று தனி வேலை இருக்கிறது. வானொலி அலையில் பெயரை ஒலிபரப்பிக் கதவைத் திறப்பது ஹோஸ்ட்ஏபிடி. வந்தவருக்கு முகவரி கொடுப்பது டிஎன்எஸ்மாஸ்க். அவரை வெளி நெட்டுக்குக் கூட்டிப்போவது கேர்னல். மூன்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்றால் எங்கே பிழை என்று தெரியாது. ஒன்றை முடித்துப் பரிசோதித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

முதலில் அடப்டரை நெட்வேர்க்மனேஜரிடமிருந்து பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒரே மாட்டின் கயிற்றை இழுப்பார்கள். /ஈடிசி/நெட்வேர்க்மனேஜர்/கொன்ஃப்.டி/ என்ற கோப்புறையில் (நெட்வேர்க்மனேஜரில் என்னும் எம்மும் பெரிய எழுத்து) முடிவில் .கொன்ஃப் உள்ள ஒரு கோப்பு வைத்து, சதுர அடைப்புக்குள் கீஃபைல் என்று ஒரு வரி, அடுத்த வரியில் அன்மனேஜ்ட்-டிவைசஸ்=மாக்: என்று எழுதி அடப்டரின் மாக் முகவரியைச் சேருங்கள். பிறகு நெட்வேர்க்மனேஜரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அடுத்து /ஈடிசி/ஹோஸ்ட்ஏபிடி/ஹோஸ்ட்ஏபிடி.கொன்ஃப் கோப்பு:

இன்டர்ஃபேஸ்=டபிள்யூஎல்எக்ஸ்
டிரைவர்=என்எல்80211
எஸ்எஸ்ஐடி=வளவு
கன்ட்ரி_கோட்=எல்கே (பெரிய எழுத்தில்)
எச்டபிள்யூ_மோட்=ஜி
சனல்=6
ஐஈஈஈ80211என்=1
டபிள்யூஎம்எம்_எனேபிள்ட்=1
ஓத்_அல்ஜிஎஸ்=1
டபிள்யூபிஏ=2
டபிள்யூபிஏ_கீ_எம்ஜிஎம்டி=டபிள்யூபிஏ-பிஎஸ்கே (சமன்குறிக்குப் பின் பெரிய எழுத்து)
ஆர்எஸ்என்_பெயர்வைஸ்=சிசிஎம்பி (இதுவும் அப்படியே)
டபிள்யூபிஏ_பாஸ்ஃபிரேஸ்=உங்கள்-பாஸ்வேர்ட்

பாஸ்வேர்ட் எட்டு முதல் அறுபத்துமூன்று எழுத்து. மேற்கோள்குறிக்குள் போடாதீர்கள், போட்டால் அந்தக் குறியும் பாஸ்வேர்ட்டின் பகுதியாகிவிடும். வரி முடிவில் தவறி விழுந்த ஒரு ஸ்பேஸும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாமல் நின்று அரை நாளைத் தின்றுவிடும். டபிள்யூஎம்எம் வரியை விட்டால் 11என் வேகம் கிடைக்காது, பழைய 54 மெகாபிட்டில் நின்றுவிடும். 40 மெகாஹேர்ட்ஸ் அகலம் போட்டு வேகத்தைக் கூட்டலாம் என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். 2.4 கிகாஹேர்ட்ஸில் அது வேண்டாம். ஒற்றை அன்ரனா அடப்டர் 20 மெகாஹேர்ட்ஸில் காகிதத்தில் 72 மெகாபிட், கையில் ஏறக்குறைய அதில் பாதி கிடைக்கும். உட்கிராமத்தில் சிம்மில் வரும் நெட் பெரும்பாலும் அதைவிடக் குறைவுதான். குழாய் அங்கே ஒடுங்கியிருக்கும்போது இங்கே அகட்டிப் பயனில்லை.

சனல் 1, 6, 11 மூன்றில் ஒன்றை எடுங்கள். வவுனியா, கிளிநொச்சி ரவுனுக்குள் என்றால், ஹோஸ்ட்ஏபிடியை ஓடவிட முன்னர் அதே அடப்டரால் ஐடபிள்யூ டெவ் டபிள்யூஎல்எக்ஸ் ஸ்கான் என்று பார்த்து, அயல் கடைகள் எதில் குறைவாக நிற்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். கிராமத்துக்குள் அக்கம்பக்கம் ரவுட்டர் குறைவு, எதைப் போட்டாலும் ஓடும்.

வைபைப் பெயரைத் தமிழிலும் வைக்கலாம். யுடிஎஃப்8_எஸ்எஸ்ஐடி=1 என்ற வரியைச் சேருங்கள். ஆனால் பெயருக்கு 32 பைட் எல்லை இருக்கிறது, தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று, புள்ளியும் தனிக்கணக்கு. ஆகவே பத்துக் குறிதான் கொள்ளும். "கிளிநொச்சி" சரியாகப் பத்து, 30 பைட், உள்ளே போய்விடும். "முல்லைத்தீவு" பன்னிரண்டு, 36 பைட், கொள்ளாது. முல்லைத்தீவார் "முல்லை" என்று நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது சேவையாகத் தொடங்காமல் முன்னால் வைத்தே ஓட்டிப் பாருங்கள்: ஹோஸ்ட்ஏபிடி, ஒரு இடைவெளி, கோப்பின் முழுப் பாதை. ஏபி-எனேபிள்ட் என்று வரி வந்தால் முதல் வேலை முடிந்தது. போனில் பெயர் தெரியும். தொட்டு பாஸ்வேர்ட் கொடுத்தால் "ஐபி முகவரி பெறுகிறது" என்று சுற்றிக்கொண்டே நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை, முகவரி கொடுக்க இன்னும் ஆள் வைக்கவில்லை. கணினித் திரையில் ஏபி-எஸ்டிஏ-கனெக்டட் என்று வந்திருந்தால் பாஸ்வேர்ட்டும் சரி.

வராவிட்டால் என்ன சொல்கிறது என்று வாசியுங்கள். டிரைவர் மோடை அமைக்க முடியவில்லை என்றால், ஒன்று சிப்புக்கு ஏபி தெரியாது, அல்லது நெட்வேர்க்மனேஜரோ டபிள்யூபிஏ-சப்ளிகன்ட்டோ (வைபையில் போய் இணையும் சேவை) இன்னும் அடப்டரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சனலை அமைக்க முடியவில்லை என்றால் நாட்டுக் குறியும் சனலும் ஒத்துப்போகவில்லை. ஐடபிள்யூ ரெக் கெட் என்று தட்டி எல்கே வந்திருக்கிறதா பாருங்கள். 5 கிகாஹேர்ட்ஸில் நோ ஐஆர் என்று குறித்த சனலில் ஏபி ஓடாது. 36இல் முயன்று பாருங்கள். ஆர்எஃப்-கில் என்று புலம்பினால் ஆர்எஃப்கில் அன்பிளொக் ஆல் என்று தட்டுங்கள். பழைய லப்டொப்களில் பக்கவாட்டில் வைபை சுவிட்ச் ஒன்று இருக்கும், சிலவேளை அது யுஎஸ்பி அடப்டரையும் சேர்த்து அடைத்துவிடும்.

எல்லாம் சரியென்றால் சிஸ்டெம்சிடிஎல் அன்மாஸ்க் ஹோஸ்ட்ஏபிடி, பிறகு சிஸ்டெம்சிடிஎல் எனேபிள் ஹோஸ்ட்ஏபிடி. டெபியனில் இந்தச் சேவை பொதியைப் போட்டவுடன் மூடி வைக்கப்பட்டிருக்கும், அன்மாஸ்க் செய்யாவிட்டால் எழும்பாது.

முகவரி

அடப்டருக்கு நிலையான முகவரி ஒன்று: ஐபி அட்டர் அட் 192.168.50.1/24 டெவ் டபிள்யூஎல்எக்ஸ் (அட்டர் என்பது ஏ, டி, டி, ஆர்). இது பரிசோதனைக்கு மட்டும், ரீபூட் செய்தால் போய்விடும். நிரந்தரமாக வைக்க சிஸ்டெம்டி-நெட்வேர்க்டியில் (முகவரிகளை அமைக்கும் சேவை) ஒரு .நெட்வேர்க் கோப்பு எழுதி, அதில் கொன்ஃபிகர்விதவுட்கரியர்=யெஸ் என்ற வரியையும் சேருங்கள் (கொன்ஃபிகர், விதவுட், கரியர் மூன்றின் முதலெழுத்தும் பெரியது).

50 எதற்கு என்றால், சிம் டொங்கிள்கள் பல 192.168.8.1 என்று வரும், பழைய அன்ட்ரொய்ட் போன்கள் 192.168.42 வரிசையைக் கொடுக்கும், வீட்டு ரவுட்டர்கள் 1இலும் 0இலும் இருக்கும். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரே வரிசை வந்தால் கணினிக்கு எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாது. எல்லாம் இணைந்திருப்பது போலக் காட்டும், ஒரு பக்கமும் திறக்காது.

/ஈடிசி/டிஎன்எஸ்மாஸ்க்.கொன்ஃப் கோப்பில்:

இன்டர்ஃபேஸ்=டபிள்யூஎல்எக்ஸ்
பைண்ட்-டைனமிக்
டிஎச்சிபி-ரேஞ்ச்=192.168.50.10,192.168.50.60,12எச்

பைண்ட்-டைனமிக் வரியை விட்டுவிடாதீர்கள். கணினி எழும்பும்போது யுஎஸ்பி அடப்டர் சில வினாடி பிந்தித்தான் வரும். அந்த வரி இல்லாவிட்டால் 53ஆம் வாசலுக்கு (போர்ட்) சிஸ்டெம்டி-ரிசோல்வ்டியோடு (தளப் பெயர் தேடும் சேவை) சண்டை வரும், அல்லது அடப்டரைக் காணவில்லை என்று டிஎன்எஸ்மாஸ்க் படுத்துவிடும். கையால் ஓட்டும்போது சரியாக இருந்து, கரண்ட் போய் வந்தபின் வேலை செய்யாமல் போவதற்கு முதலாவது காரணம் இதுதான்.

டேட்டாக் கார்டு போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு வரி பொன் மாதிரி: டிஎச்சிபி-ஒப்ஷன்-ஃபோர்ஸ்=43,அன்ட்ரொய்ட்_மீட்டேர்ட் (கடைசிச் சொல் முழுவதும் பெரிய எழுத்து). இதைக் கண்டால் அன்ட்ரொய்ட் போன் "இது அளந்து காசு கொடுக்கும் நெட்" என்று புரிந்துகொண்டு, பின்னணியில் ஆப் அப்டேட் இறக்குவதைத் தவிர்க்கப் பார்க்கும். பத்துப் போன் ஒன்றாக அப்டேட் இறக்கத் தொடங்கினால் மாதத்து டேட்டா மாலைக்குள் முடிந்துவிடும்.

வெளியே கூட்டிப்போதல்

சிம் உள்ள போனை யுஎஸ்பி வயரால் லப்டொப்பில் செருகி, போனில் யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். போன் யன்னலில் நிற்கும், வயரால் சார்ஜும் ஏறும். பிறகு /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி/ கோப்புறையில் ஒரு .கொன்ஃப் கோப்பு வைத்து நெட்.ஐபிவி4.ஐபி_ஃபோர்வேர்ட்=1 என்று எழுதி, சிஸ்சிடிஎல் --சிஸ்டெம் என்று தட்டுங்கள். அடுத்தது:

ஐபிடேபிள்ஸ் -டி நட் -ஏ போஸ்ட்ரவுட்டிங் -எஸ் 192.168.50.0/24 ! -டி 192.168.50.0/24 -ஜே மாஸ்கரேட்

இதில் -ஏ, போஸ்ட்ரவுட்டிங், மாஸ்கரேட் மூன்றும் பெரிய எழுத்து. முதல் -டி அட்டவணைக்கானது, ஆங்கில ரீ எழுத்து, டேபிளின் முதலெழுத்து. இரண்டாவது -டி சேருமிடத்துக்கானது, டெஸ்டினேஷனின் முதலெழுத்து.

வழமையாக இந்த வரியில் வெளி இன்டர்ஃபேஸின் பெயரை, யுஎஸ்பி0 என்றோ ஈஎன்எக்ஸ் என்றோ, எழுதச் சொல்வார்கள். அப்படி எழுதவேண்டாம். அன்ட்ரொய்ட் போன்களில் பல, டெதரிங் போடும் ஒவ்வொரு முறையும் புது மாக் முகவரியோடு வரும். பெயர் மாக்கிலிருந்து பிறப்பதால் பெயரும் மாறிவிடும், நேற்று எழுதிய விதி இன்று யாருக்கும் பொருந்தாது. மேலே உள்ளதுபோல உள்வரிசையை வைத்து எழுதினால் எந்தப் போனைச் செருகினாலும் ஓடும். நெட்ஃபில்டர்-பேர்சிஸ்டன்ட் சேவ் என்று தட்டிச் சேமித்துவிடுங்கள்.

பரிசோதனை போனிலிருந்து, இந்த வரிசையில். 192.168.50.1க்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகாவிட்டால் வைபையிலோ முகவரியிலோ பிழை. அது போய், வெளியே உள்ள கூகிள் முகவரியான 8.8.8.8 போகாவிட்டால் கடத்துவதில் பிழை. யுஎஃப்டபிள்யூவோ (ஃபயர்வோல்) டொக்கரோ (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டுவது) ஓடும் கணினியா என்று பாருங்கள், இரண்டும் கடத்துவதை மறிக்கும், யுஎஃப்டபிள்யூ முகவரி கேட்டு வரும் 67ஆம் வாசலையும் அடைக்கும். 8.8.8.8 போய்ப் பெயர்கள் திறக்காவிட்டால், தளப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் பிழை.

கரண்டும் வயரும் தகரமும்

மென்பொருள் எல்லாம் சரியாக இருந்தும் நாளுக்கு நாலு தடவை விழுகிறது என்றால் அனேகமாக மின்சாரம்தான். டிமெசேஜில் யுஎஸ்பி டிஸ்கனெக்ட் என்ற வரியும் உடனேயே புது டிவைஸ் வந்ததாக இன்னொரு வரியும் மாறி மாறி இருக்கும். ஒரு போன் மட்டும் இருக்கையில் விழாது. நாலாவது போன் வீடியோ இழுக்கத் தொடங்கியதும் விழும். அலை அனுப்பும்போதுதான் அடப்டர் அதிகம் கரண்ட் குடிக்கிறது. யுஎஸ்பி2 வாய் ஒன்று கொடுப்பது 500 மில்லிஅம்பியர், மெல்லிய நீட்டு வயரில் அதிலும் வோல்டேஜ் இறங்கும். ராஸ்பெரி பை 4இல் நாலு வாய்க்கும் சேர்த்தே 1.2 அம்பியர்தான். அதிலேயே அடப்டரும், சார்ஜ் ஏறும் போனும் தொங்கினால் தாங்காது. தனி பிளக் உள்ள ஹப் ஒன்றைப் போட்டு அடப்டரை அதில் செருகுங்கள். ராஸ்பெரி பை 4க்கு 5 வோல்ட் 3 அம்பியர் சார்ஜர் கட்டாயம், போன் சார்ஜர் உதவாது. சோலர் பற்றரியிலிருந்து எடுப்பதென்றால் 12இலிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்கும் கன்வேர்ட்டரும் அதே 3 அம்பியர் தாங்க வேண்டும்.

லப்டொப்பில் இரண்டு சேட்டை உண்டு. மூடியை மூடினால் உறங்கிவிடும்: /ஈடிசி/சிஸ்டெம்டி/லொகின்டி.கொன்ஃப் கோப்பில் ஹாண்டில்லிட்ஸ்விட்ச்=இக்னோர் என்று வையுங்கள் (ஹாண்டில், லிட், ஸ்விட்ச் மூன்றின் முதலெழுத்தும் பெரியது). டிஎல்பி (பற்றரியை மிச்சம்பிடிக்கும் மென்பொருள்) ஓடினால் யுஎஸ்பியைத் தூங்கவைக்கும்: அதன் அமைப்பில் யுஎஸ்பி_ஓட்டோசஸ்பென்ட்=0, இடப்பக்கம் முழுவதும் பெரிய எழுத்தில்.

நீல வாய், அதாவது யுஎஸ்பி3, 2.4 கிகாஹேர்ட்ஸில் இரைச்சல் போடும். பக்கத்து வாயில் யுஎஸ்பி3 ஹார்ட் டிஸ்க் ஓடும்போது வைபை இழுபட்டால் இதுதான் காரணம். அடப்டரைக் கறுப்பு வாயில் செருகி, ஒரு மீற்றர் வயராவது போட்டுத் தள்ளி வையுங்கள்.

நீட்டு வயர் 3 மீற்றருக்குள் இருந்தால் நல்லது. யுஎஸ்பி2க்கு 5 மீற்றர்தான் எல்லை. அந்த 3 மீற்றரால் என்ன கிடைக்கும் என்றால், வீட்டுக்குள் மேசையில் இருந்த அடப்டர் விறாந்தைத் தாவாரத்துக்கு வருகிறது. இது பெரிய விஷயம். கூரைத் தகரம் அலையை விடாது, திருப்பி எறியும். ஓடும் கிடுகும் விடும், மழையில் நனைந்த கிடுகு அவ்வளவு விடாது. கொட்டில் தகரத்தால் அடைத்திருந்தால் அடப்டருக்கு அதன் வாசலோ யன்னலோ நேரே தெரிய வேண்டும். ஆள் உயரத்துக்கு மேலே, தகரத்திலிருந்து ஒரு முழம் விலத்தி, அன்ரனாவை நிமிர்த்தித் தொங்கவிடுங்கள். இடையில் தண்ணீர்த் தாங்கி நின்றால் அதையும் தவிருங்கள், நிறைந்த தண்ணீர் 2.4ஐக் குடித்துவிடும். வெயில் நேரே படும் இடமும் வேண்டாம். பங்குனி, சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் உடம்புக்குள் சிப் கொதித்து அறுந்து அறுந்து வரும்.

இடியோடு மழை வரும் பின்னேரங்களில், தாவார வயரை லப்டொப்பிலிருந்து கழற்றுங்கள். சார்ஜர் பிளக்கையும் சேர்த்துக் கழற்றுங்கள். பனையிலோ கம்பத்திலோ அடப்டரைக் கட்டி வயரை வீட்டுக்குள் இழுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

டேட்டா இல்லாமலே ஒரு பயன்

போன்கள் ஒன்றையொன்று பார்க்காமல் இருக்க ஹோஸ்ட்ஏபிடியில் ஏபி_ஐசோலேட்=1, எண்ணிக்கைக்கு மக்ஸ்_நம்_எஸ்டிஏ=7 என்று போடலாம். அப்படி அடைத்தாலும் லப்டொப்பை எல்லாப் போனும் பார்க்கும். சாதாரண தரக் கடந்தகால வினாத்தாள்களையும் பாடக்குறிப்புகளையும் ஒரு கோப்புறையில் போட்டு, அந்தக் கோப்புறைக்குள் நின்று பைதன்3 -எம் எச்டிடிபி.சேர்வர் 8000 என்று தட்டுங்கள். பிள்ளைகள் போனில் 192.168.50.1:8000 என்று அடித்தால் பட்டியல் வரும், தொட்டு இறக்கலாம். இருபது மெகாபைட் கோப்பை முப்பது பேர் இறக்கினாலும் சிம்மில் ஒரு பைட் குறையாது. கோப்புறைக்குள் நின்றுதான் தட்டவேண்டும். வீட்டுக் கோப்புறையில் நின்று தட்டினால் உங்கள் படங்களும் பாஸ்வேர்ட் கோப்பும் வகுப்புக்கே தெரியும்.

சிம் நெட் அறுந்திருக்கும்போது சில போன்கள் "இந்த வைபையில் இன்டர்நெட் இல்லை, தொடரவா" என்று கேட்கும். ஓம் என்று சொல்லாவிட்டால் போன் தன் சொந்த டேட்டாவுக்குத் தாவிவிடும், 192.168.50.1 திறக்காது.

ஃபிரீபிஎஸ்டி பாவிப்பவர்களுக்கு

ஃபிரீபிஎஸ்டி லினக்ஸ் போன்ற இன்னொரு இலவச இயங்குதளம். இங்கே பாதை வேறு, கருத்து அதே. ராலிங்க் சிப் ரன் என்ற டிரைவரில் வரும். ஆர்சி.கொன்ஃபில் டபிள்யூலான்ஸ்_ரன்0 என்பதற்கு டபிள்யூலான்0, கிரியேட்_ஆர்க்ஸ்_டபிள்யூலான்0 என்பதற்கு "டபிள்யூலான்மோட் ஹோஸ்ட்ஏபி", இஃப்கொன்ஃபிக்_டபிள்யூலான்0 என்பதற்கு முகவரி. ஹோஸ்ட்ஏபிடி_எனேபிள், கேட்வே_எனேபிள் இரண்டுக்கும் யெஸ். ஹோஸ்ட்ஏபிடி அடிப்படை நிறுவலோடேயே வருகிறது, தனியாக இறக்கத் தேவையில்லை. இன்டர்ஃபேஸை உருவாக்கும்போதே ஏபி என்று சொல்லிவிட வேண்டும். உருவாக்கியபின் மோடை மாற்ற முயன்றால் மறுக்கும், அழித்துவிட்டுத் திரும்ப உருவாக்குங்கள். சிப்புக்கு ஏபி தெரியுமா என்பதை இஃப்கொன்ஃபிக் டபிள்யூலான்0 லிஸ்ட் கப்ஸ் காட்டும். ஹோஸ்ட்ஏபி என்ற சொல் அதில் இருக்க வேண்டும். டெதர் செய்த போன் யுஈ0 என்று வரும், பிஎஃப்பில் (ஃபிரீபிஎஸ்டியின் ஃபயர்வோல்) அதன் மேல் ஒரு நட் வரி. யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்க்க லிஸ்ட் எஸ்டிஏ. லினக்ஸில் அதே கேள்விக்கு ஐடபிள்யூ டெவ் டபிள்யூஎல்எக்ஸ் ஸ்டேஷன் டம்ப். அதில் சிக்னல் என்ற வரி -75க்குக் கீழே போன போன் எது என்று பார்த்து, அந்தப் பிள்ளையை வாசல் பக்கம் இருத்துங்கள்.